செவ்வாய்ச் சிறைக் காவலனின் குரல்

இது கட்டிவிட்ட கதை இல்லை. நடந்தது. நடந்த வீடு பினாங்கில், ஜெலுத்தோங் பகுதியில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் இன்னும் இருக்கிறது. நவமணி இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவள் அண்ணன் ஜெயராஜும் அங்கேதான் இருக்கிறார்... அப்படித்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

பேய் என்றதும் நள்ளிரவையும் இடுகாட்டையும் எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். இது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. பக்கத்து வீட்டில் சமையல் வாசம் வந்துகொண்டிருந்தது.

ஜெயராஜுக்குப் போன வருடம் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் அடியோடு போயிற்று. ஒரு காலத்தில் அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது. பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் கமாலுதீன் பாய் சின்னதாக ஒரு டப்பிங் அறை வைத்திருந்தார். எந்தத் தியேட்டருக்கும் வராத மலிவான விண்வெளிச் சண்டைப் படங்களைத் தமிழில் பேச வைத்து வீடியோ கடைகளுக்கு அனுப்புவார். பேச இருந்தது மூன்றே பேர். பூமிக்கும் செவ்வாய்க்கும் அந்த மூன்று பேரே.

அண்ணனுக்கும் தங்கைக்கும் அந்தப் படங்கள் என்றால் உயிர். ராக்கெட்டைத் தொங்கவிட்ட நூல் கண்ணுக்குத் தெரியும். லேசர் துப்பாக்கி என்பார்கள். பார்த்தால் வெள்ளிப் பெயிண்ட் அடித்த தலைமுடி உலர்த்தி. ஒரே நடைவழியில் பத்துத் தடவை ஓடுவார்கள். ஆனால் ஓடுகிறவன் ஏனோதானோவென்று ஓட மாட்டான். பெயர் தெரியாத ஒரு நடிகன், தன்னை யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், உலகமே தன் கையில் இருப்பது போல ஓடுவான். அந்த இடத்தை நவமணி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பாள். “காசு உள்ளவன் எடுக்குற எதிர்காலம் அவனுக்குத்தான் வரும்” என்பார் ஜெயராஜ். “நம்ம எதிர்காலம் இப்படி அட்டப்பெட்டியிலதான் இருக்கும்.”

அது அவர் பேசிய காலம். இப்போது இடது கை மட்டும்தான். நாற்காலியின் கையை ஒரு தடவை தட்டினால் ஆமாம். இரண்டு தடவை தட்டினால் இல்லை.

அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்டால் போதும் என்று நவமணி இருந்தாள். அவரே கேட்டால் நாக்குக்குப் பழைய ஞாபகம் வந்துவிடாதா என்றும் ஓர் ஆசை. லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் வாராவாரம் தேடினாள். கடைசியில் கிடைத்தது. ‘செவ்வாய்ச் சிறை’. அண்ணன் குரல் கொடுத்த படம். வீட்டில் இருந்தது பழுதாகிவிட்டதால் பழைய வீடியோ பிளேயர் ஒன்றையும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

கதவருகே பக்கத்து வீட்டுக் குமுதா கையில் கறிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

“மறுபடியும் அட்டப்பெட்டி ராக்கெட்டா?”

“நீயும் வந்து பாரு லா.”

“ஐயோ, எனக்கு வேணாம். போன தடவ அந்த ரோபோ முதுகுல ஜிப்பு தெரிஞ்சிச்சு. நான் சிரிச்சேன்னு ஒங்க அண்ணன் ரெண்டு நாளு என்ன மூஞ்சி குடுத்துப் பாக்கல.”

நவமணி சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். கேஸட்டை அண்ணன் முன்னால் தூக்கிக் காட்டினாள்.

அவர் படத்தின் பெயரைப் படித்தார். முகம் மாறியது. இடது கை இரண்டு தடவை தட்டியது.

“என்னண்ணே, வெக்கமா? ஒரே ஒரு தடவ.”

மறுபடியும் இரண்டு தட்டு. அவள் பிளேயரில் கேஸட்டைப் போட்டுவிட்டாள்.

படம் ஓடியது. ஒரு பெரிய தொழிற்சாலை, அதுதான் செவ்வாய்ச் சிறை. வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் ஒருவர் வந்து கைதியிடம், “தப்பிச்சுப் போனா மூச்சு விடக் காத்து இருக்காது, தம்பி” என்றார். அண்ணன் குரல். கனத்த, கொஞ்சம் கரகரத்த அதே குரல். நவமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதிப் படத்தில் டாக்டர் செத்துப்போனார். அந்த நேரம் மழை பிடித்தது. மணி மூன்றே கால்.

நடைவழியின் கோடியில் ஒரு காவலன் நின்றிருந்தான். முகத்தை முழுக்க மூடிய தலைக்கவசம். கண்ணும் தெரியாது, வாயும் தெரியாது. சும்மா நிற்கிற ஆள். முன்னால் கைதிகள் ஓடினார்கள், சுட்டார்கள், விழுந்தார்கள். அவன் அசையவில்லை.

அடுத்த காட்சியிலும் அவன் நின்றான். கொஞ்சம் கிட்டே.

பிறகு மற்றவர்களின் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. வாய்கள் அசைந்தன. துப்பாக்கிகள் வெடித்தன. எதற்கும் ஒலி இல்லை. ‘உஸ்ஸ்...’ என்று ஒலிநாடாவின் இரைச்சல் மட்டும்.

அந்த இரைச்சலுக்குள்ளிருந்து காவலன் பேசினான்.

“மழ பெய்யுது.”

அண்ணன் குரல்தான். ஒரே ஆள் இரண்டு மூன்று பேருக்குப் பேசுவது அந்த அறையில் வழக்கம். நவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். செவ்வாயில் எங்கே மழை?

“நவா... துணி நனையுது.”

அவள் திரும்பிப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கழியில் காயப்போட்ட துணிகள் நனைந்துகொண்டிருந்தன.

நவா என்று அவளை அழைக்கிறவர் உலகத்தில் ஒருவர்தான். அவளுக்கு முதலில் வந்தது பயம் இல்லை. சந்தோஷம். அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்குப் பயமாக இருக்கிறது.

“அண்ணே... நீங்களா பேசுறீங்க?”

“நான்தான் நவா.”

தலைக்கவசம் திரையை நிறைத்திருந்தது. அவள் பக்கத்தில் திரும்பினாள். அண்ணனின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஒரு வருடமாகக் கோணிக் கிடந்த உதடுகள். டிவியில் வருகிற சொல்லுக்குச் சொல் பொருந்தி அசைந்தன.

“இனிமே நான் பேசுவேன். பயப்படாத.”

உதடு அப்படிச் சொன்னது.

இடது கை தட்டியது.

டக்... டக்.

இரண்டு.

“நான்தான்... ஒங்கண்ணன்தான்.”

டக், டக். டக், டக்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. உதடு மட்டும் சிரித்தது.

அவள் ரிமோட்டை அழுத்தினாள். நிற்கவில்லை.

பிளேயரின் பொத்தானை அழுத்தினாள்.

நிற்கவில்லை.

ஓடிப்போய்ச் சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள்.

திரை கருத்தது. இரைச்சல் அடங்கியது. மழைச் சத்தம் மட்டும்...

குரல் நிற்கவில்லை.

“எதுக்கு நவா நிறுத்துன?”

அது அவள் முதுகுக்குப் பின்னால், நாற்காலியிலிருந்து வந்தது.

டக், டக்.

அன்று சாயங்காலமே மாடி முழுக்கச் செய்தி பரவியது. ஜெயராஜ் பேசுகிறார். ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். அவரும் எல்லாரிடமும் நன்றாகப் பேசினார், பெயர் சொல்லி நலம் விசாரித்தார். குமுதா நேர்ந்துகொண்டபடி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள்.

அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் இடது கை தட்டியது. ஆஸ்பத்திரியில் காட்டினாள். நரம்புத் துடிப்பு, சில பேருக்கு அப்படி வரும், பேச்சு திரும்பியதே பெரிய விஷயம் என்றார்கள். நவமணி தனக்குத் தெரிந்ததைச் சொல்ல வாயெடுத்தாள். எப்படிச் சொல்வது? நாற்காலியிலிருந்து அவர் அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

குமுதாவிடம் மட்டும் சொன்னாள்.

“பேச்சு வரலன்னு ஒரு வருஷம் அழுத” என்றாள் குமுதா. “வந்தா அதுக்கும் அழுவுறியா? போய்த் தூங்கு லா.”

நவமணி பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். அவள் உள்ளங்கையில் விரல் தட்டும். நாளுக்கு நாள் தட்டு மெலிந்துகொண்டே வந்தது. பிறகு லேசான அசைவு. பிறகு சூடு மட்டும். ஒரு காலையில் பிடித்தபோது அந்தக் கை சும்மா கிடந்தது. வலது கையைப் போலவே.

“எதுக்கு இத புடிச்சிக்கிட்டு இருக்க?” என்றது குரல், அன்பாக.

அன்றைக்குத்தான் அவள் கமாலுதீன் பாயின் நம்பரைத் தேடிப் பிடித்தாள். செபராங் ஜெயாவில் மகள் வீட்டில் இருந்தார். துவைக்கிற இடத்துக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“செவ்வாய்ச் சிறையா? அந்தத் தகர டப்பா படம் இன்னுமா இருக்கு?” என்று அவர் சிரித்தார். “ஜெயராஜ் டாக்டருக்குப் பேசுனாரும்மா. பாதியில செத்துடுவான். அதோட அவருக்கு வேல முடிஞ்சிச்சு.”

“அந்தக் காவலாளிக்கு, பாய்? தலைக்கவசம் போட்டுக்கிட்டு நிப்பானே?”

“அவனுக்கு வசனமே இல்லையேம்மா.”

அவள் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“இருந்திருந்தாலும் நாங்க பேசியிருக்க மாட்டோம்” என்றார் அவர். “வாய் தெரியாத ஆளுக்கு எங்க ரூமுல யாரும் கொரல் குடுக்குறதில்ல. அது ஒரு பழக்கம். ஒங்கண்ணன்தான் ஆரம்பிச்சாரு. ஏன்னு பல தடவ கேட்டுப் பாத்துட்டேன். சாகுற வரைக்கும் சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஆமா, எப்படி இருக்காரு இப்ப?”

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கூப்பிட்டது. கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல்.

“நவா... பசிக்குது.”

நவமணி போனை வைத்தாள். பிறகு உள்ளே போய்ச் சோற்றைப் போட்டுப் பிசைந்து, எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவளமாக அந்த வாயில் ஊட்டினாள்.