வெல்வெட் பக்கம்

மனைவி நர்ஸ் வேலைக்காக வெளிநாட்டுக்கு விமானம் ஏறியது ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலிருந்தே மழை. விமான நிலையத்துக்குப் போகும் பேருந்தின் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக நின்றுகொண்டு அவள் கடைசியாகச் சொன்னது இதைத்தான்:

“என்னங்க, ஸ்கூல்ல சேக்குறதுக்குள்ள வாண்டுக்கு எழுத்தெல்லாம் கத்துக் குடுத்துடுங்க.”

“நானா?”

“பின்ன, நான் மேகத்துல உக்காந்துகிட்டா கத்துக் குடுக்க முடியும்?”

பேருந்து போய்விட்டது. நாலு வயது வாண்டு அப்பாவின் தோளில் இருந்தபடி, பேருந்து மறைந்த மூலையைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே இருந்தாள். சோபாக்காரர் அவளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தெருவில் அவருக்கு அதுதான் பெயர். கிழிந்த சோபா, குழி விழுந்த நாற்காலி, எதுவானாலும் அவரிடம்தான் வரும். வீட்டின் முன்னறைதான் கடை. தையலில் புலி. ஆனால் எழுத்து அவருக்கு எட்டாக்கனி. சின்ன வயதில் கரும்பலகையில் எழுதியது எதுவும் மண்டையில் ஏறாமல், வகுப்புக்கு வெளியே நின்று நின்று அலுத்து, ஒருநாள் அப்படியே நடந்துபோய் ஒரு சோபாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர். இன்றைக்கும் விரல் வைத்து எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். தான் நின்ற அதே வாசலில் மகளும் நிற்க வேண்டி வருமோ என்பதுதான் அவர் பயம்.

முதலில் ஒரு சிலேட்டு வாங்கினார். வாண்டு அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே உட்கார்ந்தாள். எழுத்து அச்சடித்த அட்டைகளைக் காட்டினார். அவள் கொட்டாவி விட்டாள். ஆனால் அவர் வெட்டிப் போட்ட துணித் துண்டுகள் என்றால் அவளுக்கு உயிர். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தேய்ப்பாள். “இது ரெக்சின். இது வெல்வெட். இது சாக்கு.” ஒன்றுகூடத் தப்பாது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குச் சட்டென்று பொறி தட்டியது. இவளுக்குக் கண் கையில் இருக்கிறது!

அன்றே எழுத்துகளைத் தைக்க ஆரம்பித்தார். ஒரு பக்கம் வெல்வெட், மறுபக்கம் ரெக்சின், உள்ளே பஞ்சு. குட்டித் தலையணை மாதிரி ஒவ்வோர் எழுத்தும். பள்ளிக்கூடத்தில் ‘அ’வில் தொடங்குவார்கள். அவர் ‘ட’வில் தொடங்கினார். நேர்க்கோடு தைக்க லேசு. ‘இ’யைத் தைத்து, பையைப் போல உள்பக்கத்தை வெளியே புரட்டி எடுப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. நடுவில் பல் டாக்டர் நேரிலேயே வந்துவிட்டார்.

“என் சோபா என்னாச்சுப்பா? பேஷண்ட் எல்லாம் தாடையப் புடிச்சிகிட்டு நிக்கிறாங்க.”

“இந்த ‘ஐ’ மட்டும் முடிச்சிட்டு வந்துடறேன் டாக்டர்.”

“எது?”

டாக்டர் அந்த எழுத்தைக் கையில் வாங்கினார். அமுக்கிப் பார்த்தார். திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வாண்டு அந்த எழுத்துகளோடு சாப்பிட்டாள், சண்டை போட்டாள். செருப்புக்குள் ‘ம’வை ஒளித்துவைத்தாள். பைக்குள் கைவிட்டு, பார்க்காமலே தடவிப் பெயர் சொல்லி எடுத்தாள். எழுதச் சொல்லி அவர் வற்புறுத்தவே இல்லை. கை பழகினால் எழுத்து தானாக வரும் என்று நம்பினார்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று டீச்சர் சிலேட்டை நீட்டினார். வாண்டு தயங்கவே இல்லை, மளமளவென்று எழுதினாள். சோபாக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. டீச்சர் முகம் மட்டும் மாறியது.

“சார், இங்க பாருங்க. எல்லாத்தையும் கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பி எழுதுறா. இன்னும் ஒரு வருஷம் வீட்டுலயே இருக்கட்டுமே.”

குனிந்து ஒவ்வொரு கோடாக விரல் வைத்துப் பார்த்தபிறகுதான் அவருக்கும் அது தெரிந்தது. மறுபடியும் அதே வாசல். “திங்கக்கிழம வரைக்கும் டைம் குடுங்க மிஸ்.”

“அதுக்குள்ள என்ன சார் மாறிடும்?”

“தெரியல மிஸ். குடுங்க.”

வீட்டுக்கு வந்ததும் ‘ட’வை எடுத்து மகளிடம் நீட்டினார். அவள் வாங்கிய கையோடு அதைப் புரட்டி, வெல்வெட்டை மேலே கொண்டுவந்து வருடினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெல்வெட்டின் முகத்தில் சாக்பீஸ் படக் கூடாது. அதன் முதுகில்தான் குறி போட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஊறிப்போன பழக்கம். முதுகில் நேராகப் போட்ட எழுத்து, தைத்துப் புரட்டியதும் ரெக்சின் பக்கம் நேராக நிற்கும். வெல்வெட் பக்கம் திரும்பிக்கொள்ளும். மகளின் விரல்களோ வெல்வெட்டை விட்டு இறங்கியதே இல்லை.

“இந்தப் பக்கமும் ‘ட’தான், தெரியுமா?” என்று ரெக்சினைக் காட்டினார்.

“தெரியுமே. அது முதுகு.”

“எது முதுகு?”

“எழுத்தோட முதுகு. மெத்துனு இருக்குறது முகம். ரெண்டும் ‘ட’தான்பா.” பிறகு அப்பாவின் அறியாமையைப் பொறுத்துக்கொள்கிற குரலில் கேட்டாள்: “கப்பத் திருப்பி வச்சா அது கப் இல்லையா?”

சோபாக்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாற்காலியை எந்தப் பக்கம் திருப்பினாலும் நாற்காலிதான். பூனை எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் பூனைதான். அவருடைய முன்னறையில் இருந்த அத்தனை பொருளும் அப்படித்தான். எழுத்து மட்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவருக்கு இது தோன்றியதே இல்லை. இந்தப் பொடிசு தானாகவே கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் கற்று வைத்திருக்கிறது!

“வாண்டு, எழுத்து சோபா மாதிரிடி. முதுகு செவுத்துப் பக்கம் போயிடும். முன்னாடிதான் உக்காரணும்.”

“செவுத்துப் பக்கம் யாரும் உக்கார மாட்டாங்களா?”

“மாட்டாங்க.”

“பாவம்.”

எல்லாவற்றையும் முதலிலிருந்து தைக்க வேண்டியதுதான். வெல்வெட்டைக் கவிழ்த்துப் போட்டு சாக்பீஸை எடுத்தார். இனி முதுகில் திருப்பிப் போட்டால்தான் முகம் நேராக வரும். போட்டார். கோணிக்கொண்டது. அழித்தார். நேராக எழுதவே தடுமாறுகிற கைக்குத் திருப்பி எழுத எங்கே வரும்? பக்கத்தில் முட்டி போட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள் சாக்பீஸைப் பிடுங்கினாள்.

“தள்ளுப்பா.”

‘அ’ போட்டாள். பள்ளியில் எழுதிய அதே திரும்பிய ‘அ’. அடுத்து ‘ஆ’. வரிசையாகப் போட்டுக்கொண்டே போனாள். அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் தப்பு என்று சொன்ன ஒவ்வொரு கோடும் இந்தத் துணியின் முதுகில் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் எழுத்தைக் கத்தரித்து, வெல்வெட் மேலே வரும்படி மெதுவாகப் புரட்டி வைத்தார்.

வாண்டு குனிந்து பார்த்தாள். நேரான ‘அ’. ஒரு விரலால் வருடினாள். மறுபடி கவிழ்த்தாள், மறுபடி புரட்டினாள். வாய் பிளந்தபடி இருந்தது.

“அப்பா, மிஸ்ஸோட ‘அ’ இதுக்குள்ளதான் இருந்துச்சு!”

அவர் ஊசியை எடுத்தார். இந்த முறை அடிப்பக்கம் ரெக்சின் வைக்கவில்லை. எல்லா எழுத்தையும் ஒரு நீளத் துணியில் பதித்துத் தைத்தார். வாண்டு ஒவ்வோர் எழுத்தையும் விரலால் வருடி, அதே திசையில் சிலேட்டில் போட்டாள். ஒன்றிரண்டு பழைய பக்கம் திரும்பும். “முதுகு, முதுகு!” என்று அவளே கத்திவிட்டு அழிப்பாள். திங்கட்கிழமை டீச்சர் சிலேட்டைப் பார்த்தார், சோபாக்காரரைப் பார்த்தார். “என்ன சார் பண்ணீங்க?” என்றார். “அவதான் பண்ணா மிஸ்,” என்றார் அவர். அன்றைக்கே அவளை வகுப்பில் உட்கார வைத்தார்கள். வெளியே வாசலில் நின்று சோபாக்காரர் வெகுநேரம் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் பல் டாக்டரின் சோபா ஞாபகம் வந்து ஓடினார்.

காலம் ஓடியது. மனைவி வேலை முடிந்து திரும்பி வந்தாள். கடையும் முன்னறையை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போனது. ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரம் தாண்டியும் அவர் ஒரு நாற்காலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது கைப்பேசி கூவியது. மனைவியின் எண். ஆனால் அவள் ஒருநாளும் எழுதி அனுப்புகிறவள் இல்லை. கூப்பிட்டுச் சத்தம் போடுகிறவள். சோபாக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, திரையில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“அப்பா சீக்கிரம் வா. அம்மா கோவமா இருக்காங்க. நான் சொன்னேன்னு சொல்லாத.”