மேகம் பார்க்கும் பாக்கியலெட்சுமி

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, மண் படிந்த கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பாக்கியலெட்சுமி அக்கா கணினியின் முன்னால் உட்காருகிறார். மவுஸை நம்மைப்போல உள்ளங்கையால் மூடிப் பிடிப்பதில்லை. இரண்டு விரலால் கிள்ளிப் பிடிக்கிறார். இருபது வருடமாக நமுனுகுலத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் விரல்கள். வேறு விதமாகப் பிடிக்க அவற்றுக்குத் தெரியாது.

“மெதுவாக்கா, பிச்சிறாதீங்க!” என்கிறார் கணினி நிலையத்தை நடத்தும் ஸல்மா.

“சும்மா இரு புள்ள. இதென்ன கொழுந்தா, கையோட வர்றதுக்கு?”

ஞாயிறுதோறும் பண்டாரவளைச் சந்தையில் போஞ்சிக்காயை விற்றுவிட்டு நேராக இங்கே வந்துவிடுவார். நான் மின்னஞ்சல் பார்க்கப் போகிறவன். அவர் பார்ப்பது ஒன்றே ஒன்று: வானத்திலிருந்து எடுத்த மேகப் படம். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படத்துக்கு எழுத்து எதற்கு? கடல்மேல் வெள்ளைப் பொதி எந்தப் பக்கம் நகர்கிறது என்று கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் குத்தகை நிலத் துண்டில் உருளைக்கிழங்கு போட்டிருக்கிறார். முற்றிய கிழங்கு மழையில் மாட்டினால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். ஒரு போகத்துப் பாடு அதோடு சரி.

போன தை மாதம் மலையுச்சியில் மேகத்தின் சுவடே இல்லை. கணவர் மாரிசாமிக்கு அந்த மலைதான் பஞ்சாங்கம். “மல மொட்டையா நிக்குது, இவளுக்குப் பொட்டி சொல்லுதாம் மழ வருதுன்னு!” என்று லயமே கேட்கச் சிரித்தார். அக்கா மண்வெட்டியை எடுத்தார். கடைசிக் கூடை வீட்டுக்குள் வந்த மறுநாள் பிடித்த மழை, ஒரு வாரம் விடவில்லை. இப்போதெல்லாம் அக்கா சந்தைக்குக் கிளம்பினால் மாரிசாமியே குடையை எடுத்து நீட்டுகிறார்.

கடலை ஒருநாளும் நேரில் பார்த்திராத மனுஷி, கடலில் கிளம்பும் மழையை மலைமேல் இருந்துகொண்டு பார்த்துவிடுகிறார்.

இந்த ஞாயிறும் வந்திருந்தார். அவருடைய கிழங்கு வெள்ளிக்கிழமையே வீடு சேர்ந்துவிட்டது.

“பொறகு என்னத்துக்குக்கா பாக்குறீங்க?” என்று ஸல்மா கேட்டார்.

“பக்கத்துத் துண்டு ராசம்மா இன்னும் தோண்டலயே. இப்பதான் மொதமொதலா கெழங்கு போட்டிருக்கா, ஒத்த ஆளு. படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டேன். வெயிலுதானே அடிக்குது, இன்னும் பெருக்கட்டும்ங்கிறா.”

வெளியே நல்ல வெயில். திரையில் வெள்ளைப் பொதி இலங்கையின் கிழக்குக் கரையைத் தொட ஒரு விரற்கடைதான் பாக்கி இருந்தது. அக்கா மவுஸை விட்டார்.

“செத்த நில்லு சாமி. அடுத்த பஸ்ஸுல போயி நானும் அவளோட சேந்து தோண்டிர்றேன்” என்றார் திரையில் இருந்த மேகத்தைப் பார்த்து.

பிறகு கையை இன்னொரு முறை சேலையில் துடைத்துவிட்டு, திரையில் தெரிந்த அந்தச் சின்னத் தீவின்மேல் உள்ளங்கையைக் குடைபோல விரித்து மூடினார்.