ஜுலைஹா பீவியின் ஐந்து குழிகள்

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்த கையோடு துபாயின் அல் குசைஸ் பூங்காவுக்குள் நுழைந்து, நல்ல நிழலாகப் பார்த்துப் பாயை விரித்து, சுற்றிலும் ஏழு ஜோடிப் பழஞ்செருப்புகளைப் பரப்பிவைப்பார் ஜுலைஹா பீவி. வந்திருப்பது மூன்றே பேர். "பெரிய கூட்டம்னு நெனச்சு வேற எடம் பாத்துக்குவாக" என்பார்.

கீழக்கரைக்காரர். சீட்டு ஆடினால் ஒரு சீட்டு அவர் மடியில் கிடக்கும். பிடிபட்டால், "நீ எப்படி இங்க வந்தே?" என்று சீட்டையே அதட்டுவார்.

2004இல் ஒருநாள், நாலாம் வகுப்புப் படிக்கும் மகள் ஹிஃப்ஸா பள்ளியிலிருந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தாள். செரோக்கி மக்களின் விளையாட்டு ஒன்றை ஆடிப் படம் எடுத்து, சனிக்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும்.

"செரோக்கியா? எந்த வருச மாடல்?" என்றார் வாப்பா கலீலுர் ரஹ்மான். அவருக்கு வண்டி உதிரிபாகக் கடை.

"கார் இல்ல வாப்பா, பீப்பிள்! அமெரிக்காவோட பூர்வகுடிங்க. இப்பவும் இந்த கேம் ஆடுறாங்க."

ஐந்து குழிகள். கல் உருண்டையை எறிந்து வரிசையாக ஒவ்வொன்றிலும் விழவைக்க வேண்டும். எதிராளியின் உருண்டையை அடித்து விரட்டலாம். பெரியவர்களும் ஆடுவார்கள் என்று மகள் வாசித்ததும் ஜுலைஹா புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார். வயதுக்கு வந்த பிறகு அவரை யாரும் வெளியே விளையாட விட்டதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கல்லுக்குப் பதில் உருளைக்கிழங்குகள் வந்தன. பிரியாணிக் கரண்டியால் அவர் ஐந்தாம் குழியைத் தோண்டும்போது பூங்காக் காவலாளி விசிலோடு ஓடிவந்து, கூடாது, நிறுத்து என்று அரபியும் இந்தியும் கலந்து கத்தினார். "மாஃபி! மாஃபி! பந்த் கரோ!"

ஹிஃப்ஸாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. விடிந்தால் வகுப்பு.

"பாய், ஸ்கூல் காம்" என்று பள்ளி வேலையெனத் தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்ன ஜுலைஹா, போகும்போது குழிகளை மூடிவிடுவதாகச் சைகை காட்டி, ஒரு கிழங்கை அவர் கையில் திணித்தார். காவலாளி நாலாபுறமும் பார்த்துவிட்டு எறிந்தார். நேரே குழிக்குள் விழுந்தது. விசில் சட்டைப்பைக்குள் போயிற்று.

ஆட்டம் சூடுபிடித்தது. ஹிஃப்ஸாவின் கிழங்கு கடைசிக் குழியின் விளிம்பில் நின்றது. இன்னொரு எறியில் அவள் ஜெயித்துவிடுவாள். ஆனால் இப்போது ஜுலைஹாவின் முறை.

"விட்டுக்குடு, சின்னப் புள்ள" என்றார் கேமராவும் கையுமாக நின்ற கலீல்.

ஜுலைஹா மகளிடமே கேட்டார். "அடிக்கலாம்னு புத்தகத்துல இருக்குல்ல?"

பொய் சொல்லத் தெரியாத பெண். "இருக்கு."

அடித்தார். மகளின் கிழங்கு தெறித்துப் பக்கத்துக் குடும்பத்தின் பாயில் போய் நின்றது.

"உம்மா! நாட் ஃபேர்!" என்று கத்திய ஹிஃப்ஸா, கத்தியபடியே சிரித்துவிட்டாள். கேமரா மின்னியது. ஜுலைஹா பீவி அபாயா அங்கியை ஒரு கையால் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிக் குழியருகே கிடந்த தன் கிழங்கை நோக்கி ஓடினார்.