மரண வீட்டுக் கதிரைகளில் ஒரு கலந்துரையாடல்

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் வீடு எது என்று கேட்டால், எந்தக் கொன்ஸ்ரன்ஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். படிக்கிற கொன்ஸ்ரன்ஸ் என்று சொன்னால் வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விடுவார்கள்.

நாற்பத்தொன்பது வயதில் அப்படியொரு பெயர் சும்மா வராது. துறைமுகத்திலிருந்து சரக்கு எடுத்துக் கொடுக்கும் ஒரு புறக்கோட்டைக் கந்தோரில் அவள் கடிதமும் கோப்பும் பார்க்கும் எழுதுவினைஞர். மகள் நிலூஷா பள்ளிக்கூடத்தில் உயர்தரப் பரீட்சை எழுதிய ஆண்டில் தாய் வெளிவாரிப் பட்டப் பரீட்சை எழுதினாள். ஒரே மேசையில் எதிரெதிராக இருந்து படித்தார்கள். மகள் அலுத்துப்போய் எழும்பிவிடுவாள், தாய் எழும்புவதில்லை. நிலூஷா இப்போது கல்யாணம் கட்டி நுகேகொடையில். தாய் பிரயோக சமூக விஞ்ஞானத்தில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிக்கிறாள். கிழமை நாட்களில் வேலை, சனி ஞாயிறு வகுப்பு. ஞாயிறு தேவாலயத்தில் முதல் பூசை கண்டுவிட்டு, முக்காட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கோயிலடியிலேயே பஸ் ஏறிவிடுவாள்.

“படிச்சு முடிச்சு என்ன செய்யப் போறீங்க அக்கா?” சந்தியில் மரக்கறி விற்பவன் ஒருநாள் கேட்டான்.

“பாஸ் பண்ணப் போறன்,” என்றாள்.

ஆய்வுக்கு அவள் எடுத்த விடயம், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் பெண்கள். அதைத் தேடி அவள் தூரம் போகவில்லை. மாமனார் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்து ஆறு வருடமாகக் கட்டிலில். உடம்பு விழுந்துவிட்டது, குரல் விழவில்லை. அந்தக் குறுகிய ஒழுங்கைக்குள் அப்படிப்பட்ட கட்டில் இல்லாத வீடுகளை எண்ணுவதுதான் சுலபம்.

வீடு வீடாகப் போய் நேர்காணல் செய்தாள். எல்லோருக்கும் அவளைத் தெரியும். அதுதான் வினையாகிப்போனது. அவள் வருகிறாள் என்றால் அறையைக் கூட்டினார்கள். கிடப்பவருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டினார்கள். கண்ணாடி அலுமாரியிலிருந்து நல்ல கோப்பையை எடுத்துத் தேநீர் ஊற்றினார்கள். கேள்வியைக் கேட்டால், “ஆண்டவர் புண்ணியத்தில ஒரு குறையுமில்ல” என்றார்கள். அடுத்த ஒழுங்கை எவ்லினின் கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது. எவ்லினும் அதையேதான் சொன்னாள். “அவர் குழந்தைப்பிள்ள மாதிரி கொன்ஸி. எனக்கென்ன கஷ்டம்?”

மேற்பார்வையாளர் கலாநிதி சாமினி நேர்காணல்களை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கொன்ஸ்ரன்ஸ், உங்கட கொட்டாஞ்சேனையில எல்லாரும் புனிதர்களா?”

“இல்ல மேடம்.”

“இதை வாசிச்சா அப்பிடித்தான் இருக்கு. இதில ஆய்வு இல்ல, நற்சாட்சிப் பத்திரம்தான் இருக்கு. ஒரு குழுக் கலந்துரையாடல் வச்சுப் பாருங்க. நாலு பேர் சேர்ந்திருந்தா ஒருத்தர் சொல்லாததை இன்னொருத்தர் சொல்லுவா. இந்த மாசத்துக்குள்ள சரிவராட்டி, ஆய்வேடு இல்லாம டிப்ளோமாவோட முடிச்சிரலாம். டிப்ளோமாவும் நல்லதுதானே.”

நல்லதுதானே என்ற சொல் பஸ்ஸில் அவளோடு கூட வந்தது. டிப்ளோமாவை அவள் குறைவாக நினைக்கவில்லை. ஆனால் அதற்காக அவள் மேசையில் இருக்கவில்லை.

பௌர்ணமிப் போயா விடுமுறை தினத்தில் வைப்பது என்று முடிவு செய்தாள். வேலையும் இல்லை, வகுப்பும் இல்லை. பெண்கள் எட்டுப் பேரைக் கூப்பிட்டாள். வகுப்புத் தோழி சாம்பவி வெள்ளவத்தையிலிருந்து வந்து கைபேசியில் பதிவு செய்வதாக ஒப்புக்கொண்டாள். இடம் வீட்டு முன்னறை. அங்கே நாலே நாலு கதிரை.

“கதிரைக்கு என்ன செய்ற?” என்று கணவன் எட்வேட் கேட்டான்.

“கோயில் மண்டபத்தில கேட்டன். அண்டைக்குக் கல்யாணமாம்.”

எட்வேட் ஒழுங்கையின் மரண உதவிச் சங்கத்துக்குத் தனாதிகாரி, காசும் சாமானும் அவன் பொறுப்பு. சங்கத்துக்கு நீல நிறப் பிளாஸ்டிக் கதிரைகள் உண்டு. முதுகில் வெள்ளைப் பெயின்ரில் சங்கத்தின் பெயர். முன்பு பிறந்தநாளுக்கும் கொடுத்தார்கள், கால் உடைந்து திரும்பி வந்தன. அதற்குப் பிறகு மரணத்துக்குத் தவிர வேறெதற்கும் கதிரை வெளியே போகக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவன் எட்வேட். நிலூஷாவின் கல்யாணத்துக்குக்கூட அவன் அதில் ஒன்றை எடுக்கவில்லை. மருதானையில் வாடகைக்குப் பிடித்தான்.

போயா அன்று மத்தியானம் சாப்பிட்டு எழும்பியதும் ஆணியில் தொங்கிய சங்கத்து அறைத் திறப்பைக் கையில் எடுத்தான்.

“என்ன செய்யப் போறீங்க?” என்று கொன்ஸ்ரன்ஸ் கேட்டாள்.

“கதிரை கொண்டு வாறன்.”

“தீர்மானம்?”

“அதை நான் கதைச்சுக்கொள்ளுறன். நீ உன்ட வேலையப் பார்.”

கல்யாணம் கட்டிய இருபத்தைந்து வருடத்தில் அவன் அவளுக்குச் சொன்ன மிகப் பெரிய வார்த்தை அதுதான். அவள் சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவினாள்.

கமிற்றி கேட்டால் என்ன சொல்வதென்று எட்வேட் யோசித்து வைத்திருந்தான். ஒழுங்கை என்ன நினைக்கும் என்று யோசிக்கவில்லை. பட்டப்பகலில், தலையில் அடுக்கிய நீலக் கதிரைகளோடு, மூன்று நடை நடந்தான். அதுவும் ஆறு வருடமாகக் கட்டிலில் ஒருவர் கிடக்கும் வீட்டுக்கு. முதல் நடையில் ஒரு ஜன்னல் திறந்தது. இரண்டாவது நடையில் யாரோ வானொலியை நிறுத்தினார்கள். மூன்றாவது நடையில் எதிரே வந்த மனிதர் தொப்பியைக் கழற்றினார். வெயிலுக்கு விசிறிக்கொள்கிறார் என்று எட்வேட் நினைத்தான்.

கொன்ஸ்ரன்ஸ் கதிரைகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புகள் கழன்றன. கூப்பிட்ட நேரம் இன்னும் ஆகவில்லை. எவ்லின் முதலில் வந்தாள். வெள்ளைச் சேலை. பின்னால் ஐந்தாறு பேர். கூப்பிட்டவர்களும் இருந்தார்கள், கூப்பிடாதவர்களும் இருந்தார்கள். எல்லார் முகமும் ஒரே மாதிரி தொங்கியிருந்தது. கொன்ஸ்ரன்ஸ் வாயைத் திறக்குமுன் எவ்லின் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். தோளில் முகத்தை வைத்து அழுதாள். அழுதுகொண்டே காதுக்குள் சொன்னாள்:

“போகட்டும் கொன்ஸி. இனி நீ நித்திரை கொள்ளுவாய்.”

காதுக்குள் சொன்னதாகத்தான் எவ்லின் நினைத்தாள். அறை முழுக்கக் கேட்டது.

உள்ளறைத் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து சவுந்தரநாயகத்தின் குரல் வந்தது.

“யார் செத்தது?”

எவ்லினின் கை அப்படியே நின்றது. ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். “கடவுளே, இருக்கிறாரா!” என்றாள் இன்னொருத்தி, சந்தோஷப்பட மறந்துபோய்.

“இஞ்ச, உங்களைத்தான் கேக்கிறன். லேன்ல யார் செத்தது?”

“ஒருத்தரும் இல்ல மாமா,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “கதிரையப் பாத்துட்டு வந்திருக்காங்க.”

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பிறகு, “எனக்கா வந்தாங்க? நல்ல கூட்டமா?”

யாரோ சிரித்தார்கள். அதோடு எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து, கதிரையில் விழுந்து, கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார்கள். வாசலில் இரண்டு கையிலும் பொரித்த பற்றிஸ் நிறைந்த பெட்டியோடு சாம்பவி நின்றாள். வெளியே செருப்புக் குவியலைப் பார்த்ததும் அவளும் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள்.

“அக்கா, நான் வகுப்புக் குறூப்பில போட்டிட்டன். எல்லாரும் அனுதாபம் அனுப்புகினம். இப்ப என்ன செய்ய?”

“அழி,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “உள்ள வா.”

எவ்லின் மட்டும் சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி இழுத்துக்கொண்டு வாசலை நோக்கித் திரும்பினாள். அவள் சொன்னது அறையிலேயே நின்றது. எடுத்து ஒளிக்க முடியாத இடத்தில் நின்றது. கொன்ஸ்ரன்ஸ் அதைக் கேட்காததுபோல இருந்திருக்கலாம். பற்றிஸைத் தட்டில் வைத்து, எல்லோரையும் உட்காரவைத்து, தாளில் உள்ள முதல் கேள்வியை வாசித்திருக்கலாம். ஒரு குறையுமில்லை என்று இன்னொரு முறை எழுதிக்கொண்டு, டிப்ளோமாவோடு முடித்திருக்கலாம்.

திரைச்சீலை மெல்லியது. அவளுக்கு அது தெரியும்.

“எவ்லின் அக்கா, இருங்க,” என்றாள். “நீங்க சொன்னது நானும் நினைச்சதுதான். ஒருக்கா இல்ல. மாமாவப் புரட்டிப் போட்டுட்டுத் திரும்பப் படுக்கிற நேரமெல்லாம் நினைச்சிருக்கிறன். நினைச்சுட்டு விடியக் கோயிலுக்குப் போய் அழுதிருக்கிறன். அவரில எனக்கு விருப்பமில்லாம இல்ல. நித்திரை இல்ல, அவ்வளவுதான்.”

எல்லோர் கண்ணும் திரைச்சீலையில் இருந்தது.

“சத்தமாக் கதையுங்க,” என்றது உள்ளேயிருந்து. “பாதிதான் கேக்குது. என்னைப் பத்தி எண்டா முழுசாக் கேக்கோணும்.”

எவ்லின் திரும்பி வந்து கதிரையில் உட்கார்ந்தாள்.

பிறகு கொன்ஸ்ரன்ஸுக்கு அந்தக் கேள்வித்தாள் தேவைப்படவில்லை. பதிவு செய்யலாமா என்று மட்டும் ஒவ்வொருவராகக் கேட்டாள். “பேரைப் போடாத. மத்தபடி எல்லாத்தையும் போடு,” என்றாள் எவ்லின். சாம்பவி கைபேசியை நடுவில் ஒரு வெறும் கதிரையில் வைத்தாள்.

முதல் பூசைக்குப் போவது பூசைக்காக அல்ல, முக்கால் மணி நேரம் யாரும் கூப்பிடாத இடத்தில் உட்கார்ந்திருக்கத்தான் என்று ஒருத்தி சொன்னாள். கனடாவிலிருக்கும் மச்சாள் வீடியோவில் வந்து, “அம்மா ஏன் மெலிஞ்சிட்டா?” என்று கேட்கும்போது கைபேசியைக் கிணற்றுக்குள் போட வேண்டும்போல் இருக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். “எங்கட லேன்ல கிணறு எங்க?” என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள். “அதாலதான் ஃபோன் இன்னும் இருக்கு.” இரண்டாவது வீட்டு றுஷ்னா, மருந்து எடுக்கப் போகிற நாளில் வரிசை நீளம் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுக் காலிமுகத்திடலில் போய் நிற்பதைச் சொன்னாள். வடை வாங்கித் தின்பதையும் சொன்னாள். கூடவே, கட்டிலில் கிடக்கும் தகப்பன், வாப்பா, ஒரு காய்ச்சல் நாளில் தன்னுடைய கையை விடவில்லை என்றும், அந்தக் கைக்காக இதெல்லாம் பரவாயில்லை என்றும் சொன்னாள். எவ்லின் கடைசியில்தான் பேசினாள். கணவருக்குச் சவரம் செய்யும் நேரத்தில்தான் இருவரும் பழையபடி இருப்பதாகச் சொன்னாள். அப்போது மட்டும் அவர் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பாராம். “என்னை விட்டா வேற ஒருத்தர் இந்த வேலையச் செய்ய நான் விட மாட்டன். ஆனா கொன்ஸி, சில நாள் என்னை யாராவது விடோணும்போல இருக்கும்.”

வெளியே படியில் எட்வேட் உட்கார்ந்திருந்தான். சங்கத்துத் தலைவர் மரண வீட்டுக்குக் கட்டும் வெள்ளைக் கொடிச் சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவசரமாக வந்தார்.

“எட்வேட், கொடி சந்தியில இருந்து கட்டுறதா, பாதியில இருந்தா?”

“ஒருத்தரும் சாகேல்ல.”

“அப்ப கதிரை?”

“என்ட மனிசி முதுமாணி படிக்கிறா. கதிரை தேவைப்பட்டுது.”

தலைவர் ஜன்னலால் எட்டிப் பார்த்தார். வட்டமாகப் பெண்கள். ஒருத்தி பேச, மற்றவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மனைவியும் அதில் இருந்தாள்.

“படிப்புக்குக் குடுக்க எங்களுக்கு விதி இல்லையே.”

“அடுத்த கூட்டத்தில போடுவம். நான் முன்மொழியிறன்,” என்றான் எட்வேட். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடிச் சுருளைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மனைவி என்ன சொல்கிறாள் என்று அவருக்கும் கேட்க வேண்டியிருந்தது.

கலாநிதி சாமினி பதிவை எழுத்தில் வாசித்துவிட்டு இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரேயொரு சந்தேகம் சொன்னார். குழு கூடிய விதத்தை, அந்த மரண வீட்டுக் குழப்பத்தை, முறையியல் அத்தியாயத்தில் எழுதத்தான் வேண்டுமா?

“எழுதோணும் மேடம்,” என்றாள் கொன்ஸ்ரன்ஸ். “அதை விட்டுட்டா, ஏன் சொன்னாங்க எண்டு வாசிக்கிறவருக்கு விளங்காது.”

எழுதினாள். ஆங்கிலத்தில் எழுதியதால் ஒவ்வொரு பந்தியும் இடுப்பை முறித்தது. விடியற்காலையில் மாமனாரைத் துடைத்துப் புரட்டிவிட்டு மேசைக்கு வருவாள். “எந்தப் பக்கத்தில நிக்கிற?” என்று அவர் கட்டிலிலிருந்து கேட்பார். பக்க எண்ணைச் சொல்வாள். “நான் வந்துட்டனா?” என்பார். “இன்னும் இல்ல மாமா, முதல்ல கோட்பாடு.” “அது யார்?” என்பார்.

வாய்மொழிப் பரீட்சை அன்று மூன்று பேர் மேசைக்கு அப்பால் இருந்தார்கள். வெளியிலிருந்து வந்த பரீட்சகர் நரைத்த மனிதர். ஆய்வேட்டில் நிறையக் காகிதத் துண்டுகள் செருகி வைத்திருந்தார்.

“முதலில் நேர்காணலில் இவர்கள் பொய் சொன்னார்கள். பிறகு குழுவில் உண்மை சொன்னார்கள். அப்படித்தானே உங்கள் முடிவு?”

“இல்லை, ஐயா.” கொன்ஸ்ரன்ஸ் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். “முதலில் சொன்னதும் பொய் இல்லை. கேள்வியோடு வீட்டுக்கு வந்தவளுக்குச் சொல்லும் பதில் அது. நான் கேட்டபோது அவர்கள் பதில் சொன்னார்கள். நான் என்னுடையதைச் சொன்னபோது, அவர்கள் தங்களுடையதைச் சொன்னார்கள். இரண்டும் தரவுதான். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் என்னுடைய ஆய்வு.”

நரைத்தவர் காகிதத் துண்டு ஒன்றை உருவி எடுத்தார். வேறு கேள்வி கேட்பாரென்று அவள் காத்திருந்தாள். அவர் அந்தத் துண்டைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு புன்னகைத்தார்.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு கூப்பிட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. அவள் நேரே வீட்டுக்குப் போகவில்லை. அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பினாள். எவ்லின் கணவரைச் சாய்மனைக் கதிரையில் வாசலுக்குக் கொண்டுவந்து வைத்து, தாடையில் சவர்க்கார நுரை பூசிக்கொண்டிருந்தாள். கொன்ஸ்ரன்ஸைக் கண்டதும் தூரிகையோடு நிமிர்ந்தாள்.

“என்னடி? நாங்க பாஸா?”

“பாஸ் அக்கா. சின்னச் சின்னத் திருத்தம் இருக்கு.”

“திருத்தமா?” எவ்லினின் முகம் கறுத்தது. “எங்கட கதையிலயா?”

“இல்ல. என்ட இங்கிலீஷில.”

“அப்ப அது உன்ட பாடு.” எவ்லின் கணவரின் நல்ல பக்கத்துக் காதருகே குனிந்தாள். மெதுவாகச் சொல்ல அவளுக்கு எப்போதுமே வராது. “கேட்டீங்களா? நான் முதுமாணி பாஸ்.”

எதிர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் கையில் உடுப்போடு எட்டிப் பார்த்து, யார் பாஸ் என்று கேட்டாள்.

“நாங்க,” என்றாள் எவ்லின், சவரக்கத்தியைத் தண்ணீரில் தோய்த்தபடி.