ஜமீலாவின் வலது காது

ஜமீலா இறந்த செய்தி எனக்குப் பெங்களூரிலிருந்து வந்தது. ஏற்காட்டில் அவர் கடைக்கும் என் வீட்டுக்கும் நடுவே இரண்டு தெருக்கள்தான். சேலத்தில் நான் பாடம் நடத்தும் கல்லூரி முடிந்து அடிவாரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ரகுராமன் அழைத்தார். அவர் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருப்பவர். ஜமீலாவிடம் ஹெட்போன் பழுது பார்த்துக்கொண்டவர். "மேடம், நான் கிளம்பிட்டேன். அடக்கம் எத்தனை மணிக்குன்னு இப்ராஹிம் பாய் உங்ககிட்டச் சொன்னாரா?" என்றார். இப்ராஹிம் பாய் ஜமீலாவின் கணவர். அவர் எனக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜமீலாவுக்கு உடம்பு சரியில்லை என்பதே எனக்குத் தெரியாது. துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது பொறாமை. இவருக்கு எப்படி முதலில் தெரிந்தது என்றுதான் நினைத்தேன். அதை மறைத்துவிட்டு ஓர் அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரிடம் ஹெட்போன் அனுப்பியவர்கள். அனுப்பாதவர்களுக்காக ஒரு விளக்கம். எலெக்ட்ரோஸ்டாட்டிக் ஹெட்போனில் காந்தமும் கம்பிச் சுருளும் கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, பாலித்தீன் பையைவிடப் பல மடங்கு மெல்லிய ஒரு படலம். அதில் சில நூறு வோல்ட் மின்னேற்றம் நிற்கும். தகடுகளின் மின்னழுத்தம் மாற மாற அது முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும். அதற்கென்று தனி ஆம்ப்ளிஃபையர் வேண்டும். ஜமீலா அந்தப் படலத்தைச் சவ்வு என்பார். சவ்வு அவருடையது, ஆம்ப்ளிஃபையர் என்னுடையது. ஒன்பது ஆண்டுகள் அப்படித்தான் வேலையைப் பிரித்துக்கொண்டோம். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவர் இடத்தில் நான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

அவரை நான் முதலில் பார்த்தது என் ஹெட்போனுக்காக. இடது பக்கம் அரை மணி நேரத்தில் மங்கிவிடும். கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் மூன்று முறை அளந்தேன். மூன்று முறையும் குறை தெரியவில்லை. மலையேறி வீட்டுக்கு வந்தால் மறுபடி மங்கும். பாய் பாதிக் கடையில் பஞ்சர் ஒட்டுவார், மீதிப் பாதியில் ஜமீலா மிக்ஸியும் ரேடியோவும் பழுது பார்ப்பார். எஸ்டேட் முதலாளி ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த இப்படிப்பட்ட ஹெட்போனையும் அவர் சரிசெய்ததாகக் கேள்விப்பட்டிருந்தேன். நம்பவில்லை, ஆனாலும் போனேன்.

"கீழ நல்லாருக்குது, மேல வந்தாப் படுத்துக்குது. அப்படித்தானுங்களா டீச்சர்? பனி உள்ள பூந்திருச்சு."

"ஈரம்னா ரெண்டு பக்கமும்தானே மங்கணும்?"

"இருங்க, அதையும் பாத்துப்போடலாம்."

திறந்தார். சாமணத்தால் எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "முடிங்க. சவ்வுக்கும் தகட்டுக்கும் குறுக்க கெடந்திருக்குது. பனியில நனைஞ்சா கரண்ட இழுத்து உட்டுரும், கீழ போனாக் காஞ்சிரும்." பிறகு என் தலையைப் பார்த்தார். "உங்களுதுதானுங்க. நரைச்சிருக்குது பாருங்க."

பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஆய்வகம் முழுதும் கருவிகளை வைத்துக்கொண்டு எனக்குத் தெரியாமல் போனது என் தலைமுடி.

அவருடைய முறைகள் எல்லாம் அந்தக் கடையிலிருந்தே வந்தவை. வட்டப் பலகையின் விளிம்பில் பழைய ஸ்கூட்டர் டியூபைப் பொருத்தி, அதன்மேல் புதுப் படலத்தை ஒட்டி, கைப்பம்பால் காற்றடிப்பார். டியூப் உப்ப உப்பப் படலம் எல்லாப் பக்கமும் ஒரே அளவு இழுபடும். விரல் நுனியால் தட்டிப் பார்த்து நிறுத்துவார். முடித்த ஹெட்போனை உடனே கொடுக்க மாட்டார். நல்ல பனி இறங்கும் ஒரு நாள், கடை ஜன்னலைத் திறந்துவைத்து, காலையிலிருந்து மதியம்வரை ஓடவிடுவார். "பனியில பாஸாகோணும், அப்பறந்தான் ஊடு போகும்" என்பார். வெயில் காலத்தில் வேலைக்குக் கொடுத்தவர்கள் பனி வரும்வரை காத்திருந்தார்கள். நான் ஈரப்பதத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு பெட்டி செய்துகொடுத்தேன். அதில் பாய் பஞ்சர் ஒட்டும் பசை டியூப்களை வைத்துக்கொண்டார்.

ஹெட்போன் வாங்க யோசனை கேட்டும் ஆட்கள் வருவார்கள். கொட்டச்சேட்டில் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் இருவரிடமும் கேட்டார். நான் வரைபடங்களுடன் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்தேன். ஜமீலா ஒரு கேள்விதான் கேட்டார்.

"என்னங்க கேப்பீங்க?"

"தவில்தானுங்க. எங்க மாமன் வாசிச்சது இந்தக் கேசட்டுல இருக்குது."

தன் ஹெட்போனை அவருக்கு மாட்டி அந்தக் கேசட்டைப் போட்டுவிட்டார். ரைட்டர் கண்ணை மூடிக் கேட்டார். "மாமன் மூச்சு வாங்கறதுகூடக் கேக்குதுங்க. ஆனா அடி உளுகலீங்களே?"

"இதுல உளுகாதுங்க. சவ்வு கொசு றெக்கையாட்டம். தவிலுக்கு நெஞ்சுல அடி உளுகோணும். சாதா ஹெட்போனே வாங்கிக்குங்க. கண்ணாடி போடறீங்க, காத அமுக்காததாப் பாத்து வாங்குங்க."

அவர் ஒன்றும் வாங்காமல் போனார். அதற்குப் பிறகு ஆண்டுதோறும் ஜமீலாவுக்குக் காப்பித்தூள் வந்தது. நான் எழுதிய இரண்டாம் பக்கத்திலும் இதே விஷயம்தான் இருந்தது. ரைட்டர் அந்தத் தாள்களைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போயிருந்தார்.

நான் சரிசெய்த ஆம்ப்ளிஃபையருக்கும் ஜமீலாவுக்குத்தான் பாராட்டு வரும். "அது டீச்சர் பண்ணுனதுங்க, நான் தொடக்கூட இல்ல" என்று அவர் உண்மையைச் சொல்வார். அதையும் அவருடைய அடக்கம் என்றே எடுத்துக்கொண்டு, ஒரு படி கூடுதலாகப் புகழ்ந்துவிட்டுப் போவார்கள். என் பெயரைத் தட்டிப் பறிப்பவராக அவர் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

ஒருமுறை ஒருவர் நேரில் வந்து கடையிலேயே காத்திருந்தார். ஜமீலா ஹெட்போனை மாட்டிக் கேட்டு, "ரெண்டும் சமமா இருக்குதுங்க" என்று கொடுத்தார். நான் என் மைக்கை வைத்து அளந்தேன். இடது பக்கம் தெளிவாகக் குறைந்திருந்தது. வந்தவர் முன்னாலேயே அதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரலில் இருந்த உற்சாகம் எனக்கே கேட்டது. அவர் ஹெட்போனை விட்டுவிட்டுப் போனார். ஜமீலா அதை மறுபடி எடுத்துத் திறந்தார்.

"டீச்சர், எனக்கு எடது காது கேக்காதுங்க. சின்னதுல காச்சல் வந்து போயிருச்சு. எப்பவும் திருப்பித் திருப்பிப் போட்டு, ரெண்டு பக்கத்தையும் வலது காதுலதான் கேப்பேன். அந்தாளு எதுக்கால உக்காந்திருந்தாரு, திருப்பிப் போட வெக்கமாப் போச்சு." பிறகு சொன்னார்: "வெளிய சொல்லீராதீங்க. ஒத்தக் காதுக்காரிகிட்ட யாருங்க ஹெட்போன் குடுப்பாங்க?"

சொல்ல மாட்டேன் என்றேன். சில மாதங்கள் கழித்துச் சொன்னேன். ரகுராமன் ஏதோ ஆம்ப்ளிஃபையர் பற்றிக் கேட்டிருந்தார். பதிலின் கடைசியில், ஒரு தகவலைப் போல, "ஜமீலாவுக்கு இடது காது கேட்காது, அதையும் மனத்தில் கொள்ளுங்கள்" என்று எழுதினேன். நேர்மைக்காக எழுதுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நேர்மை அல்ல.

ரகுராமன் அதை ஹெட்போன்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டார், வியப்போடு. நம் இரண்டு காதுகளும் ஒருபோதும் ஒன்றுபோல் கேட்பதில்லை, இரு பக்கத்தையும் ஒரே காதால் கேட்டு ஒப்பிடுவதால்தான் ஜமீலாவின் வேலையில் இடமும் வலமும் இவ்வளவு பொருந்துகின்றன என்று எழுதினார். நான் இயற்பியல் படித்தவள். எனக்கு அது தோன்றவில்லை. அந்த மாதம் முன்பைவிட அதிகமான பார்சல்கள் வந்தன.

"குரூப்புல நம்ம காது பெரிய ஆளாயிருச்சுங்க" என்றார் ஜமீலா, பம்பை அடித்துக்கொண்டே. "நீங்க சொன்னதுங்களா?"

"ஆமா."

"செரி, உடுங்க."

அவ்வளவுதான். டீ எப்போதும்போல வந்தது. ஆம்ப்ளிஃபையர்களும் வந்தன. தன்னைப் பற்றி மட்டும் அவர் அதற்குப் பிறகு என்னிடம் எதையும் சொல்லவில்லை. கடந்த சில மாதங்களாக அடிக்கடி சேலத்துக்குப் போனார். தங்கச்சி ஊட்டுக்கு என்றார், நம்பினேன். ஆஸ்பத்திரிக்குப் போனது ரகுராமனுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்தான். நான் மன்னிப்பும் கேட்கவில்லை. ஆர்டர் கூடிவிட்டதே, இனி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் பாய் என் வீட்டுக்கு வந்தார்.

"அவ முடிக்காம வச்சது மூணு கெடக்குதுங்க டீச்சர். ஒண்ணு ரகு தம்பியோடது. நீங்க பண்ணுவீங்கன்னா குடுக்கறேன், இல்லீன்னாத் திருப்பி அனுப்பீரலாம்."

"சவ்வு வேலை எனக்குத் தெரியாதுங்க பாய். அவங்க எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை."

"சொல்லிக் குடுக்கோணுங்களா? ஒம்போது வருசமா அவ கைய உட்டு உங்க கண்ணு நகரலியே. 'நான் எங்க தப்புப் பண்ணுவேன்னே டீச்சர் பாத்துட்டிருக்காங்க, எனக்குக் கை ஒதறுது'ன்னு ஊட்டுல சொல்லிச் சிரிப்பா."

ஜமீலாவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து ஒருநாளும் வேலை செய்ததில்லை.

கடைக்குப் போனேன். முதல் படலம் கிழிந்தது. இரண்டாவதற்கு அவர் எப்படிக் காற்றடிப்பார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் வேகமாக ஒன்பது அடி, பிறகு ஒரு மூச்சு நேரம் சும்மா, பிறகு மெதுவாக இரண்டு. அந்த இடைவெளி தேவையில்லாதது, என்றாவது ஒருநாள் சுட்டிக்காட்டலாம் என்று நான் மனத்தில் குறித்துவைத்திருந்தேன். இழுபட்ட படலம் நிலைகொள்ள அந்த நேரம் வேண்டும் என்பது இப்போதுதான் புரிந்தது. மின்னேற்றம் நிற்கப் படலத்தில் தடவும் பூச்சை எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவார், தூசி படியாமல் எப்படி மூச்சைத் திருப்பி விடுவார், திருகுகளை எந்த வரிசையில் இறுக்குவார் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பிழையைத் தேடிப் பார்த்ததால் தெரிந்திருந்தது.

மூன்றையும் முடித்தேன். பனி வரும்வரை வைத்திருந்து அனுப்பினேன். இது ஜமீலா கடைசியாகச் செய்ததா என்று ரகுராமன் கேட்டார். நான் செய்தது என்று எழுதினேன். அப்படி எழுதும் நாளுக்காகத்தான் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன். எழுதியபின், இதை ஜமீலாவிடம் சொல்லி, அவர் என்ன சொல்வார் என்று கேட்க ஆசையாக இருந்தது.

ஜமீலாவை நேசித்தவர்கள் நிறையப் பேர். அவருடைய பேச்சையும் சிரிப்பையும் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். என்னைப் போல அவர் கைகளை விடாமல் பார்த்தவர்கள் யாரும் இல்லை. குறை சொல்வதற்காகப் பார்த்தேன், சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் கைகள் அப்படியே என்னிடம் இருக்கின்றன.