மண்ணெண்ணெயில் ஓடிய கார்

போன கிழமை வீட்டுக்குப் பெயின்ற் அடிக்க வந்தவர், வேலை முடிந்ததும் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவினார். மணம் நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வரை வந்தது. எனக்குத் தலையிடித்தது, கூடவே கோபமும் வந்தது. அந்த மனிதர் பாவம், அது அவர் மேல் வந்த கோபம் இல்லை. எண்பதுகளில் வந்தது, இன்னும் ஆறவில்லை.

அப்போது நானும் இவரும் வேலணைத் தீவில் படிப்பித்துக்கொண்டிருந்தோம். கலியாணமான கையோடு இவர் ஒரு கார் வாங்கினார். எங்கள் இருவரையும் விட அதற்கு வயது கூட. எத்தனை பேரிடம் கைமாறியது என்று விற்றவருக்கே தெரியாது; மைல் காட்டும் முள் எப்போதோ ஓடிக் களைத்து நின்றுவிட்டது. எண்ணெய்த் தாங்கி ஒழுகினால் சவர்க்காரம் தேய்த்து அடைப்பார். தண்ணீர்க் குழாய் வெடித்தால் சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றுவார். குளிக்கிற சவர்க்காரமும் என்னுடையது, சைக்கிளும் என்னுடையது.

பிறகு பெற்றோல் தட்டுப்பாடு வந்தது. மருந்துப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலில் கொஞ்சம் ஊற்றி எஞ்சினை எழுப்பிவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட்டுவார். வெள்ளைப் புகை தெருவையே மூடும். என் சேலை, தலைமயிர், திருத்தக் கொண்டுவந்த கொப்பிகள் எல்லாம் ஒரே மணம். முன்வாங்குப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள்.

"இதை வித்துத் துலையுங்கோவன்" என்றால், "பொறுமப்பா, சின்னப் பிழைதான்" என்பார். எல்லாமே சின்னப் பிழைதான்.

எங்களோடு படிப்பித்த ரெஜினா நெடுந்தீவுப் பிள்ளை. ஒருநாள் மத்தியானம், தகப்பனுக்குச் சுகமில்லை, கடுமை என்று அவளுக்குச் செய்தி வந்தது. குறிகட்டுவான் துறையில் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும். பஸ் ஓடவில்லை. இவர் மேசையில் கிடந்த கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு எழும்பினார். அது போய்ச் சேருமா என்ற பயத்தோடு நானும் ஏறினேன்.

பயந்தபடியே புங்குடுதீவுக்குக் கடலுக்குக் குறுக்கே போட்ட பாதையின் நடுவில் எஞ்சின் கொதித்து நின்றது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். அந்த உப்பில் ஒரு துளியும் எஞ்சினுக்கு ஆகாது. நாங்கள் குடிக்கக் கொண்டுவந்த போத்தலை இவர் கவிழ்த்தார். நானும் ரெஜினாவும் இறங்கித் தள்ளினோம். அவளுடைய செருப்பு அறுந்தது. அதை எறிந்துவிட்டுத் தள்ளினாள். நான் இவரைத் திட்டிக்கொண்டே தள்ளினேன்.

உறுமி, இருமி, ஒருவழியாக அது ஓடத் தொடங்கியது. படகுக்குரிய நேரம் எப்போதோ போய்விட்டது. திரும்புவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

துறையில் படகு நின்றது. உள்ளே சனம் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. படகோட்டி சூசை அண்ணை கயிற்றைப் பிடித்தபடி நின்றார்.

"தூரத்தில புகையைக் கண்டனான், ரீச்சர். மாஸ்ரரின்ர கார்தான் எண்டு விளங்கிச்சுது. இந்த நேரத்தில சும்மா வரமாட்டியள் எண்டு படகை மறிச்சு வைச்சனான்."

ரெஜினா வெறுங்காலோடு ஏறினாள். திரும்பிவரும்போது மாதம் ஒன்று கடந்திருந்தது. "அப்பா கண்மூட முதல் என்னோட கதைச்சவர், அக்கா" என்று மட்டும் சொன்னாள். அன்றைக்கு நான் காரைப் பற்றி வாயே திறக்கவில்லை. அடுத்தநாள் அது பள்ளிக்கூட வாசலில் நின்றுவிட்டது, பழையபடி தொடங்கினேன்.

தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு வெளிக்கிட்டபோது இவர் அரைநாள் காரின் பொனற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். அசையவில்லை. அதைக் கொட்டிலில் விட்டுவிட்டுச் சைக்கிளில் வந்தோம். வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால், கொட்டிலும் இல்லை, காரும் இல்லை. சூசை அண்ணை இடம்பெயர்ந்து எங்கே போனார் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வருடம் நயினாதீவுக்குப் போக நல்ல வாகனத்தில் குறிகட்டுவானுக்குப் போனேன். நான் இறங்கி நடக்கப் படகு விலகத் தொடங்கியது. கையைக் காட்டினேன். படகின் பின்பக்கம் நின்றவர் என்னைப் பார்த்தார், தன் மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு கயிற்றைச் சுருட்டி உள்ளே போட்டார்.