கால் இல்லாத பேய்

எங்கள் மேசை விளையாட்டில் வரும் கட்டைவிரல் உயரப் பேய் பொம்மைக்கு வண்ணம் தீட்டி, கார்த்திக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்திருந்தேன்.

இன்று பொத்தேரியில், அவன் அறையில், ஆட்டத்துக்குப் புதிதாக வந்தவன் அதைக் கையிலெடுத்தான்.

"செமையா கீது மச்சான். யாரு பெயிண்ட் பண்ணது?"

"நான்தான்," என்றான் கார்த்தி.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"கால மட்டும் இன்னா, அப்டியே வுட்டுட்ட?"

"வெள்ள தீந்துபோச்சுடா."

அந்தக் கால்களுக்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின. பேய்க்குக் கால் தரையில் படாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். வெள்ளையில் தண்ணீர் கலந்து கலந்து, முழங்காலுக்குக் கீழே, பொம்மை நிற்கும் அடித்தட்டின் கறுப்போடு கரையவிட்டிருந்தேன்.

கார்த்தி கூச்சமே இல்லாமல் என் பக்கம் திரும்பினான். "உன் வூட்ல வெள்ள கீதுல்ல? கால மட்டும் அடிச்சுக் குடேன்."

பொய்யைக்கூட மன்னித்திருப்பேன். நான் பாதியில் விட்டுவிட்டதாகவே இத்தனை நாளும் நினைத்திருக்கிறான்.

எல்லார் முன்னாலும் தலையாட்டி வாங்கி வந்துவிட்டேன். மதுராந்தகம் பஸ்ஸில், என் சட்டைப்பையில் இருக்கிறது.

கால் தீட்டிவிட்டால் அது முழுக்க அவனுடைய பேய். தீட்டட்டுமா, சொல்லுங்கள்.